சதுப்பின் நாற்காலி

எங்கள் மேட்டில் ஒரு சதுப்பு யாருடைய அனுமதியும் இல்லாமல் குணமாகிவிட்டது. தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் அது எப்படிக் கெட்டது என்பதைச் சொல்லிவிடுவதுதான் முறை. மேட்டில் ஆடு மேய்க்கிற ஐவர் பிர்க்பெக்கின் அப்பா காலத்தில் அரசாங்கத்து ஆட்கள் வந்தார்கள். மேடு முழுக்க ஈரமாக இருக்கிறது, ஈரம் நாட்டு முன்னேற்றத்துக்கு ஆகாது, வடிகால் வெட்டினால் புல் முளைக்கும் என்றார்கள். வெட்டுகிறவர்களுக்கு மானியமும் கொடுத்தார்கள். மேட்டின் முதுகில் சீப்பை அழுத்தி இழுத்த மாதிரி வரிவரியாக வடிகால்கள் ஓடின. புல் முளைக்கவில்லை. மழைத் தண்ணீர் மட்டும் நின்று யோசிக்காமல் நேராக இறங்கிவந்து, ஆற்றங்கரைப் பப்பின் நிலவறைக்குள் புகுந்து, பீர்ப் பீப்பாய்களை மிதக்கவிட்டது. ஆயிரக்கணக்கான வருஷமாக மக்காமல் ஊறிக் கிடந்த கறுப்பு மண் காய்ந்து தூளாகி, பாதி காற்றிலும் பாதி குழாய்த் தண்ணீரிலும் ஊருக்குள் வந்து சேர்ந்தது. டீத்தூள் போடுவதற்கு முன்பே டீ நிறத்தில் தண்ணீர் வருவது எங்கள் ஊரில் மட்டும்தான். இந்தச் சாதனைக்குக் கிடைத்த கேடயம் இன்றைக்கும் ஊர் மண்டபத்தில் தொங்குகிறது: 'மிகச் சிறப்பாக உலர்த்தப்பட்ட மேடு.'

அடுத்து, அது எப்படிக் குணமானது என்பது. ஐவருக்குச் சதுப்பைப் பற்றி எந்த அபிப்பிராயமும் கிடையாது. ஆடுகளைப் பற்றித்தான் அபிப்பிராயம் உண்டு. அதுவும் பெரும்பாலும் வசவு. வருஷாவருஷம் கத்தரிக்கிற ரோமத்தை யாரும் சீந்துவதில்லை. அதை விற்கக் கொண்டுபோகிற வண்டிக்கு ஊற்றும் டீசலுக்குக்கூடக் கட்டுப்படியாகாது. வசந்தம் வந்தால் குட்டி போட்ட தாயாடுகள் வடிகாலைத் தாண்டப் பார்த்து உள்ளே விழுந்து கத்தும். ஐவர் ஒரு கல்லில் இரண்டு மாங்காய் அடித்தார். ஆடுகள் தாண்டுகிற இடமாகப் பார்த்து, வடிகாலில் ரோமத்தை மூட்டை மூட்டையாகத் திணித்து மிதித்தார்.

ரோமம் ஊறி, உப்பி, ஒன்றோடொன்று பின்னி அணையாக நின்றது. தண்ணீர் தேங்கியது. பஞ்சுப்பாசி பச்சையும் சிவப்புமாக மெத்தை விரித்தது. பூச்சி பிடிக்கும் செடி வந்தது. நீளமூக்கு உள்ளான் பறவை வந்து முட்டையிட்டது. பப்பின் பீப்பாய்கள் தரையில் நின்றன. ஐவர் கவனித்ததெல்லாம், முன்பு நடந்துபோன இடத்தில் இப்போது பூட்ஸ் மாட்டிக்கொள்கிறது என்பதை மட்டும்தான். "எளவு, எங்க கால வெச்சாலும் தண்ணி!" என்று திட்டிக்கொண்டே அடுத்த வருஷத்து ரோமத்தையும் கொண்டுபோய்த் திணித்தார்.

இந்த நேரத்தில்தான் மேட்டுச் சதுப்பு மறுவாழ்வுக் கூட்டமைப்பு எங்கள் பள்ளத்தாக்குக்கு வந்தது.

முதல் கூட்டம் ஊர் மண்டபத்தில் நடந்தது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். அதில் ஒன்று காலி. அதன் முதுகில் ஒரு பெயர் அட்டை: 'சதுப்பு'. மண்டபத்து டீ எப்போதும் ஐவரின் மனைவி மாரியன் பொறுப்பு. அவள் தட்டோடு வட்டமாக வந்து, காலி நாற்காலிக்கு முன்னால் நின்றாள்.

"இவருக்கு டீ வேணுமா?"

"சதுப்பும் நம்மில் ஒருவர்தான், மிஸஸ் பிர்க்பெக்" என்றார் கூட்டமைப்பின் இயக்குநர் டாக்டர் ப்ரூடென்ஸ் அல்லர்டைஸ். அவருடைய மழைச்சட்டையில் மழை பட்ட அடையாளமே இல்லை.

"சரிங்க. சர்க்கரை எத்தனை?"

டாக்டர் அல்லர்டைஸ் அதைக் கேட்காதவர்போல எழுந்து பேசத் தொடங்கினார். "நண்பர்களே, இதுவரை எல்லோரும் சதுப்பைப் பற்றிப் பேசினார்கள். நாங்கள்தான் சதுப்பையே பேச அழைத்திருக்கிறோம். இந்தக் கூட்டங்களில் சதுப்பின் ஓட்டே இறுதியானது. அதை மீற யாருக்கும் அதிகாரமில்லை, எனக்கும் சேர்த்துத்தான். சதுப்புக்கு வாய் இல்லை என்பதால் அதன் மௌனத்தை நான் மொழிபெயர்ப்பேன். மற்ற ஊர்களில் நடந்த இத்தனை கூட்டங்களில் சதுப்பு ஒருமுறைகூட என்னோடு முரண்பட்டதில்லை. எங்கள் உறவின் ஆழம் அப்படி."

பிறகு எல்லோரும் கண்ணை மூடி ஒரு நிமிஷம் சதுப்புக்குக் காது கொடுத்தோம். நடுவில் ஐவர் தும்மினார். அது கூட்டக் குறிப்பில் 'உள்ளூர் மக்கள் உணர்ச்சிபூர்வமாகப் பங்கேற்றனர்' என்று பதிவானது.

அதற்கப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. எங்கள் மேடு 'கடுமையாகச் சிதைந்த நிலம்' என்று வரைபடத்தில் சிவப்பாகப் பூசப்பட்டிருந்தது. சிவப்பு நிலத்துக்குத்தான் நிதி. சிவப்பு நிலம் மீளும்வரை ஏழு வருஷத்துக்கு அதில் ஆடு மேயக்கூடாது.

ஐவர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்றும்போதுதான் பேச்சு வந்தது.

"ஏழு வருஷம், மாரியன்! மேல நமக்கு வேலியா இருக்கு? எங்கிட்டு வரைக்கும் நம்ம இடம், எங்க திரும்பணும்னு மேவிஸுக்கு அவ ஆத்தா காட்டிக் கொடுத்தா. அவளுக்கு அவ ஆத்தா. ஏழு வருஷம் கீழ அடைச்சு வெச்சா, சொல்லிக்கொடுக்க ஒரு கிழவியும் இருக்க மாட்டா. மறுபடி மேல விட்டா ஸ்காட்லாந்துக்கே போயிரும் எல்லாம்!"

மேவிஸ் என்பது மந்தையின் மூத்த தாயாடு. ஒரு காது கிழிந்தது. முகம் எப்போதும் யாரையோ கோபித்துக்கொண்டதுபோல இருக்கும்.

"சரி, அழாத" என்றாள் மாரியன். "நம்ம மேடுதான் ஊறிக் கெடக்கே. வந்து பாக்கச் சொல்லு. கண்ணு இருக்கில்ல அவங்களுக்கு?"

பார்க்க வந்தவர் ஜைல்ஸ் என்ற கள அலுவலர். மேட்டின் நடுவில், வரைபடத்தில் மிகவும் சிவப்பாக இருந்த இடத்தில், அவர் இடுப்புவரை உள்ளே போனார்.

"பாத்தீங்களா சார்? ஈரம்!" என்றார் ஐவர், தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக அந்தச் சொல்லை மகிழ்ச்சியோடு உச்சரித்து.

ஜைல்ஸ் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்த வரைபடத்தை அண்ணாந்து பார்த்தார். "மிஸ்டர் பிர்க்பெக், வரைபடத்தின்படி இது வறண்ட நிலம்."

"அப்படியா? அப்ப அந்த வரைபடத்தையே புடிச்சுக்கிட்டு ஏறி வா, தம்பி."

கடைசியில் ஐவர்தான் இழுத்துப் போட்டார். பூட்ஸைச் சேற்றிலேயே விட்டுவிட்டுக் கரையேறிய ஜைல்ஸ், தன் கால் விரல்களில் சிக்கியிருந்த ஒரு பொருளை எடுத்து முகர்ந்தார். முகம் வெளுத்தது.

"இது என்ன?"

"ரோமம். நம்ம ஆட்டோடதுதான்."

"நீங்கள் வடிகாலை அடைத்திருக்கிறீர்களா? ரோமத்தை வைத்தா?"

"அடைக்கலைங்க. கொட்டினேன்."

இரண்டு நாள் கழித்து டாக்டர் அல்லர்டைஸ் நேரிலேயே ஐவரின் சமையலறைக்கு வந்துவிட்டார். "மிஸ்டர் பிர்க்பெக், நீங்கள் செய்திருப்பது அனுமதியற்ற மீட்பு. அங்கீகாரம் பெறாத பொருளை வைத்து. இதன் தீவிரம் உங்களுக்குப் புரிகிறதா?"

"அங்கீகாரம் பெற்ற பொருள்னா என்னங்க?"

"தேங்காய் நார் உருளை. முற்றிலும் இயற்கையானது. கடல் கடந்து கப்பலில் வருகிறது."

தென்னை என்ற மரத்தை எங்கள் பள்ளத்தாக்கில் யாரும் பார்த்ததில்லை. ஐவர் தேங்காயைப் பார்த்ததுண்டு. திருவிழாவில் பந்தெறிந்து விழுத்தாட்டினால் பரிசாகத் தருவார்கள். அவர் இதுவரை வாங்கியதில்லை.

"ரோமமும் இயற்கைதானேங்க?"

"இந்தச் சூழலுக்கு ரோமம் அந்நியப் பொருள்."

"அந்த ஆடு அந்த எடத்துலயே தானே நிக்குது?"

"அதனால்தான் ஆட்டையும் அகற்றச் சொல்கிறோம்."

மாரியன் பிஸ்கட் தட்டை நகர்த்தினாள். "ஆனா மேடம், சதுப்புதான் குணமாயிருச்சே. வந்த காரியம் முடிஞ்சுது. மகராசியா எல்லாரும் வீட்டுக்குப் போகலாமில்ல?"

டாக்டர் அல்லர்டைஸ் அவளைப் பரிவோடு பார்த்தார். "குணமான சதுப்பை நாங்கள் எப்படிக் குணப்படுத்துவது, மிஸஸ் பிர்க்பெக்? நிதியைத் திருப்பி அனுப்ப நேரிடும். நிதியைத் திருப்பி அனுப்ப எங்களிடம் படிவமே கிடையாது." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனால் வழி இருக்கிறது. பூஜ்யக் கட்டம் என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். முதலில் சதுப்பை முறைப்படி பழைய சிதைவு நிலைக்குக் கொண்டுபோவோம். பிறகு முறைப்படி மீட்போம். நீங்கள் கவலைப்பட வேண்டாம். இதில் சதுப்பின் முழுச் சம்மதம் இருக்கிறது."

"அது எப்பங்க சொல்லுச்சு?"

"செவ்வாய்க்கிழமை."

ரோம அணைகளைத் தோண்டியெடுக்கப் பொக்லைன் வந்தது. மண்டபத்து வாசலில் அதற்கு ரிப்பன் கட்டினார்கள். மேட்டில் ஏறி, முதல் அணையை நெருங்கியதும், பொக்லைன் பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தம் போட்டுவிட்டு மெதுவாக உட்கார்ந்தது. ஓட்டுநர் நெவில் கதவைத் திறந்து, கூரைமேல் ஏறி நின்று, கைபேசியில் கூட்டமைப்பை அழைத்தார்.

"மேடம், முங்குது!"

"நிலம் வறண்டிருக்கிறதா, ஈரமாக இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள்."

"நான் கூரை மேல நிக்கறேன், மேடம்!"

"அது விடையில்லை, நெவில்."

முதல் பொக்லைனை இழுக்க இரண்டாவது வந்தது. அது பக்கத்து வடிகாலில், முதலாவதைவிடக் கொஞ்சம் கௌரவமாக, நேராக நின்ற நிலையில் மூழ்கியது. இப்போது மேட்டுக்கு இயந்திரம் ஏற வேண்டுமானால் மேடு காய்ந்திருக்க வேண்டும். மேடு காய வேண்டுமானால் இயந்திரம் ஏற வேண்டும். இதற்காக ஒரு துணைக்குழு அமைத்தார்கள்; அது இரண்டுமுறை கூடி மதிய உணவைத் தீர்மானித்தது.

இதற்கிடையில் மூழ்கிய பொக்லைன்கள் இரண்டும் இரண்டு வடிகால்களைக் குறுக்கே கச்சிதமாக அடைத்துவிட்டதால் தண்ணீர் மட்டம் இன்னும் ஏறியது. அன்றுவரை காய்ந்திருந்த கிழக்குச் சரிவிலும் பாசி பிடித்தது. ஒரு பொக்லைனின் மஞ்சள் கூரைமேல் உள்ளான் உட்கார்ந்து ஊரைக் கூப்பிட்டது. ஹெலிகாப்டரில் வந்த தேங்காய் நார் உருளைகளை இறக்கி வைக்கக் காய்ந்த இடம் கிடைக்காமல், கடைசியில் மண்டபத்துக் கார் நிறுத்துமிடத்தில் இறக்கினார்கள். அங்கே அவை மிகத் திறமையாக வேலை செய்தன. மண்டபத்து வாசலில் குளம் கட்டியது.

ஐவர் இதையெல்லாம் பார்த்து ஒரு முறைகூடச் சிரிக்கவில்லை. மேட்டில் எத்தனை தண்ணீர் நின்றாலும் வரைபடம் சிவப்பாகவே இருந்தது. ஆடுகளை இறக்கும் தீர்மானத்துக்குத் தேதியும் குறித்தாகிவிட்டது.

அந்த நாளில்தான் நிதி கொடுக்கும் அமைப்பின் தலைவர் சர் லயனல் ஹாஸ்கெட் வந்தார். திட்டம் இதுதான்: காலையில் மேட்டில் அவருக்குச் சிதைந்த நிலத்தைக் காட்டிப் புகைப்படம் எடுப்பது, மூன்று மணிக்கு மண்டபத்தில் கூட்டம், ஓட்டெடுப்பு, கேக்.

சிதைந்த நிலம் கிடைக்கவில்லை. ஜைல்ஸ் முன்னால் போய்த் தேடிக்கொண்டேயிருந்தார். "இன்னும் கொஞ்சம் தள்ளி, சர் லயனல். இன்னும் கொஞ்சம்." அப்படித் தள்ளித் தள்ளிப் போனபோது மூடுபனி இறங்கியது. எங்கள் மேட்டு மூடுபனி இறங்கினால் தன் கையில் இருக்கும் ரொட்டித்துண்டே தெரியாது. அது விலகும் என்று காத்திருந்து, சர் லயனலை வெகுநேரம் கத்திக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, டாக்டர் அல்லர்டைஸும் ஜைல்ஸும் வடிகால் கரையைத் தடவிக்கொண்டே எப்படியோ ஜீப்பை அடைந்தார்கள். சர் லயனலைக் காணவில்லை.

"தேடலாமா?" என்றார் ஜைல்ஸ்.

"மூன்று மணிக்குக் கூட்டம் என்று அச்சடித்திருக்கிறோம்" என்றார் டாக்டர் அல்லர்டைஸ். "மீட்புப் படைக்குச் சொல்லிவிடு. சர் லயனல் அனுபவம் மிக்கவர். அவர் நிலத்தோடு ஒன்றிப்போயிருப்பார்."

அது உண்மைதான். அந்த நேரம் சர் லயனல் மார்புவரை நிலத்தோடு ஒன்றிப்போயிருந்தார்.

மண்டபத்தில் கூட்டம் தொடங்கியது. வட்டத்தில் ஐவர் தொப்பியைக் கையில் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஏதாவது சொல்ல வேண்டுமா, மிஸ்டர் பிர்க்பெக்?"

ஐவர் எழுந்தார். நிறைய யோசித்து வைத்திருந்தார், எல்லாம் போய்விட்டது. "அதுங்களுக்கு வேற எடம் தெரியாதுங்க" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

"நெகிழ்ச்சியான பதிவு. நன்றி. இப்போது ஓட்டு." ஊர்க்காரர்கள் எல்லோரும் ஆடுகளுக்காகக் கை தூக்கினோம், நெவில் இரண்டு கையையும் தூக்கினார். டாக்டர் அல்லர்டைஸ் புன்னகையோடு எண்ணி முடித்தார். "ஆனால், நீங்கள் அறிந்தபடி, இறுதி ஓட்டு சதுப்புடையது. கண்களை மூடி அதன் மௌனத்துக்குக் காது கொடுப்போம்."

கண்ணை மூடினோம். ஐவர் மட்டும் மூடவில்லை. அவருக்குக் கண் கலங்கியிருந்தது, மூடினால் வழிந்துவிடும். ஆகவே நடந்ததை முழுசாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

மண்டபத்துப் பின்கதவு மேட்டுக்குப் போகும் கேட்டைப் பார்த்திருக்கும். தினமும் பிற்பகலில் மேவிஸ் மேட்டிலிருந்து இறங்கி அந்தக் கேட்டுக்கு வருவாள். மாரியன் ரொட்டி ஓரங்களை வைத்திருப்பாள். எந்தப் பனியிலும் எந்தச் சேற்றிலும் மேவிஸுக்கு வழி தெரியும். அது ரோம அணைகளின் மேலாக வருகிற வழி. அன்றைக்கும் வந்தாள். கேட்டில் ரொட்டி இல்லை. மாரியன் உள்ளே ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். மேவிஸ் பின்கதவைத் தலையால் முட்டித் திறந்தாள். அவளுடைய முதுகு ரோமத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி பின்னால் ஓர் உருவம் வந்தது. தலையிலிருந்து கால்வரை ஒரே கறுப்பு. ஒரு தோளில் பாசி. காதோரம் ஒரு சின்னப் பூச்சிபிடிச் செடி. உருவம் நடுங்கிக்கொண்டே சுற்றிப் பார்த்தது. வட்டத்தில் ஒரே ஒரு நாற்காலிதான் காலியாக இருந்தது. அது போய்ப் பொத்தென்று அதில் உட்கார்ந்தது.

டாக்டர் அல்லர்டைஸ் கண்ணை மூடியபடியே அந்தப் பக்கம் கையை நீட்டினார். "சதுப்பின் மௌனம் தெளிவாகக் கேட்கிறது. ஆடுகளை அகற்ற வேண்டும் என்று சதுப்பு..."

"ஆடு இருக்கட்டும்" என்றது சதுப்பு.

எல்லோரும் கண்ணைத் திறந்தோம். நாற்காலியிலிருந்து கறுப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நெவில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

"அது... என்ன சொன்னது?" என்றார் டாக்டர் அல்லர்டைஸ்.

"ஒரு ஆட்டைக்கூடத் தொடக்கூடாது!" என்று சதுப்பு கத்தியது. "அதுவும் இந்த ஆட்டை! இது இல்லையென்றால் நான் செத்திருப்பேன்! நீங்கள் எல்லோரும் எங்கே போய்த் தொலைந்தீர்கள்?"

மாரியன் மட்டும் நிதானம் இழக்கவில்லை. தட்டோடு போய் நாற்காலிக்கு முன்னால் நின்றாள். "வாங்கய்யா. உங்களுக்கு டீ அன்னிக்கே கேட்டேன். சர்க்கரை எத்தனை?"

"நாலு" என்றது சதுப்பு.

குறிப்பெழுதும் ஜைல்ஸ் பேனாவோடு இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் விதிமுறையைப் பார்த்தார். விதிமுறை அவரே எழுதியது. அதில் ஓட்டை இல்லை. சதுப்பின் ஓட்டே இறுதி. ஆடுகள் மேட்டில் தங்கும் என்று தீர்மானம் நிறைவேறியது. டீயைக் குடித்து முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகு சதுப்புக்குள்ளிருந்து சர் லயனல் வெளிப்பட்டார். எனினும் ஓட்டை மாற்றிப் பதிவு செய்ய வழி இல்லை; அவரும் மாற்றச் சொல்லவில்லை. ஐவர் எழுந்து மேவிஸின் கிழிந்த காதைப் பிடித்துக்கொண்டு, "சனியனே, கதவைத் தட்டிட்டு வரத் தெரியாது உனக்கு?" என்றார்.

மிச்சம் ஒரு சிக்கல்தான். மீட்பு நடக்கும் நிலத்தில் கால்நடை இருக்கக்கூடாது என்ற விதியும் அப்படியே இருந்தது. துணைக்குழு மறுபடி கூடி, மதிய உணவுக்குப் பிறகு வழி கண்டுபிடித்தது. மேட்டில் வருகிறவர்களுக்கு வழிகாட்டும் பாதுகாப்புப் பணியாளர்கள் தேவை என்பது நிரூபணமாகிவிட்டது. ஆகவே ஐவரின் ஆடுகள் அனைத்தும் பணியாளர்களாக நியமிக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒளிரும் மஞ்சள் மேல்சட்டை வந்தது. மேவிஸ் முதுநிலை வழிகாட்டி. அவள் தன் மேல்சட்டையை முதல் நாளே தின்றுவிட்டாள்.

அந்த வருஷமே கூட்டமைப்புக்கு விருது கிடைத்தது. 'மிகச் சிறப்பாக நனைக்கப்பட்ட மேடு' என்ற புதுக் கேடயம் மண்டபத்தில் பழைய கேடயத்துக்குப் பக்கத்தில், ஒரே ஆணியில் தொங்குகிறது. விருது உரையில் டாக்டர் அல்லர்டைஸ், "இயந்திர அணைகள் என்ற புதுமையை உலகில் முதன்முதலாக நாங்கள்தான்" என்று தொடங்கி நெடுநேரம் பேசினார்.

கோடையில் ரோமம் கத்தரித்து முடிந்தது. ஐவர் மூட்டைகளை நாலு சக்கர பைக்கில் கட்டி மேட்டுக்குக் கிளம்பும்போது, கேட்டில் ஜைல்ஸ் கை நீட்டித் தடுத்தார்.

"மிஸ்டர் பிர்க்பெக், ரோமம் இன்னும் அங்கீகாரம் பெறாத பொருள்தான்."

ஐவர் பைக்கை நிறுத்தினார். பின்னால் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த மாரியன் குனிந்து எட்டிப் பார்த்தாள்.

"ரோமமா? யாரு சொன்னா ரோமம்னு? இதெல்லாம் உங்க பணியாளருங்க கழட்டிப் போட்ட பழைய சீருடை, தம்பி. பழைய சீருடைய வேலை செய்யற எடத்துலயே மறுபயன்பாடு பண்ணணும்னு உங்க விதியிலயே இருக்கு. போன கூட்டத்துல மேடம்தான் வாசிச்சாங்க, நான் டீ ஊத்திக்கிட்டே கேட்டேன்."

ஜைல்ஸ் குனிந்து மூட்டைகளை முகர்ந்து பார்த்தார். பிறகு கேட்டை அகலத் திறந்துவிட்டு, மூட்டை ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். மேட்டில் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே இடுப்புவரை உள்ளே போனார்.

"எங்க நிக்கறீங்க, சார்?" என்று ஐவர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

ஜைல்ஸ் பையிலிருந்து வரைபடத்தை எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அதை நாலாக மடித்து, தனக்கு முன்னால் அணையில் தண்ணீர் கசிந்த ஓட்டையில் திணித்து, மேலே ஒரு மூட்டை ரோமத்தை வைத்து அழுத்தினார்.

"ஈரத்தில், மிஸ்டர் பிர்க்பெக்" என்றார். "மேவிஸைக் கூப்பிடுங்கள்."